ஒடெசாவிலிருந்து வந்த லெஃப்ட் அவுட்

அவரை நான் முதலில் ஒரு முழங்காலாகத்தான் அறிந்துகொண்டேன். எண்பதுகளின் நடுப்பகுதி. நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் இல்லாத நீளமான அறை. ஒரு பக்கம் வெந்நீர்த் தொட்டிகள், இன்னொரு பக்கம் ஓடாத சைக்கிள்கள், நடுவில் வரிசையாகக் கட்டில்கள். காலையில் உள்ளே போனால், வெளியே பனி பெய்ததா வெயில் அடித்ததா என்பது மாலையில் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கணவர் ஹூஸ்டனில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் இஞ்சினியர். நான் இங்கே. எனக்கு கிரீன் கார்டுக்கு ஸ்பான்ஸர் செய்தது அந்த மருத்துவமனை. கார்டு கைக்கு வரும்வரை நகர முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போன் செய்வார். மற்ற நாட்களில் நான் பேசிய தமிழ் என்று பார்த்தால், அடுப்பில் பால் பொங்கும்போது வாயில் வரும் ‘ஐயோ’ மட்டும்தான். அதையும் கேட்க யாரும் இல்லை.

ஒரு குளிர்காலக் காலையில் இரண்டு கட்டைகளை அக்குளில் ஊன்றிக்கொண்டு அவர் வந்தார். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். வலது முழங்காலில் கிழிந்துபோன தசைநாரைத் தைத்து, பல வாரம் கட்டுப் போட்டு, அன்றுதான் பிரித்திருந்தார்கள். வலது தொடை சின்னப் பையனுடையதுபோல மெலிந்திருந்தது. இடது தொடை மரம்.

“ஃபுட்பாலரா?” என்றேன்.

“ஆமா.”

“எந்தப் பொசிஷன்?”

அமெரிக்காவில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி போலிருக்கிறது. சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, இடது கையை உயர்த்திச் சுவரோரமாக விசிறிக் காட்டினார்.

“லெஃப்ட் அவுட்டா?”

இடது ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் கீழே மணலில் டோர்னமென்ட் ஆரம்பமாகிவிடும். அண்ணன்மார் மூன்று பேர், மூன்று பேரும் மூன்று பொசிஷன். எனக்கு அது பெரிய ஞானமில்லை. ஆனால் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“உனக்கு எப்படித் தெரியும்? இந்தியாவில் யானைதானே இருக்கு?”

“எங்க ஊர்ல யானை கிடையாது. கடல்தான்.”

“எனக்கும் கடல்தான். கருங்கடல். ஒடெசா.”

“ரஷ்யாவா?”

“ரஷ்யா இல்ல. உக்ரேன்.” பிறகு அலுப்போடு சொன்னார்: “பரவாயில்ல. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க.”

என்னிடமும் ‘நீ இந்தியன் பாஷை பேசுவியா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அதனால் வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே இன்னொன்றையும் சொன்னார். இந்த ஊர் ஆங்கிலத்தில் லெஃப்ட் அவுட் என்றால் கூட்டத்தில் சேர்க்காமல் விடப்பட்டவன் என்று அர்த்தமாம். இங்கே வந்த புதிதில் ஒரு நிருபரிடம் ‘நான் லெஃப்ட் அவுட்’ என்று சொல்ல, அந்த ஆள் அவரைத் தோளில் தட்டி ஆறுதல் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கீழ்த்தளத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். என்னுடையது கான்வென்ட் ஆங்கிலம். அவருடையது ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் கற்றுக்கொண்டது. பாதி கெட்ட வார்த்தை, அது கெட்ட வார்த்தை என்று அவருக்கே தெரியாது. என்னை ‘டாக்டர்’ என்று கூப்பிட்டார். நான் டாக்டர் இல்லை என்று பல தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

முழங்காலை மடக்க வைப்பதுதான் என் வேலை. மடக்கினால் வலிக்கும். வலித்தால் அவர் பேசுவார். அப்படி முட்டி மடங்க மடங்கத்தான் அவர் கதை எனக்குத் தெரியவந்தது.

அப்பா ஒடெசா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மகனை விளையாட்டுப் பள்ளியில் சேர்த்ததும் அவர்தான். பத்தொன்பது வயதில் அந்த ஊர் அணிக்காக சோவியத்தின் மேல் டிவிஷனில் ஆட இறக்கினார்கள். முதல் ஆட்டம் கீவ் நகரத்தில், கொட்டுகிற மழையில். எதிரே ஒரு பேர்போன டிஃபெண்டர்.

“ரெண்டு தடவை அவனைத் தாண்டிப் போனேன், டாக்டர். மூணாவது தடவை அவன் பந்தை விட்டுட்டு என்னை உதைச்சான். அப்பத்தான் தெரிஞ்சது, நான் ப்ரொஃபெஷனல் ஆயிட்டேன்னு.”

எட்டு வருடம் அந்த இடது ஓரம் அவருடையது. சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி ஓடுவார், மூலைக்குப் போய் உள்ளே பந்தை அனுப்புவார், யாரோ தலையால் அடிப்பார்கள், பெயர் அவர்களுக்கு. அதில் அவருக்குக் குறையே இல்லை. “விங்கர்னா அஞ்சல்காரன். கொண்டுபோய்க் கொடுக்கணும், அவ்வளவுதான்” என்பார். ஒரு தடவை தேசிய அணி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். பதினொன்றாம் எண் பனியன் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்பினார்.

அவர் மனைவி யூதப் பெண், கணக்கு டீச்சர். அவள் குடும்பம் முழுக்க நாட்டைவிட்டுப் போக விண்ணப்பித்தது. அவளும் சின்ன மகளும் போவதென்றால் இவரும் போகவேண்டும். விண்ணப்பம் கொடுத்த அன்றே அணியில் இடம் போயிற்று. சின்ன வயதிலிருந்து வளர்த்த பயிற்சியாளர் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவார். அனுமதி வரும்வரை துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். மைதானத்தில் மாட்டியிருந்த அணிப் புகைப்படத்திலிருந்து அவரை வெட்டி எடுத்துவிட்டதாகப் பழைய நண்பன் ஒருவன் வந்து சொன்னானாம்.

“நான் எப்பவும் ஓரத்துல நிப்பேன். அதனால வெட்டறது சுலபம்.”

இதைச் சொன்னபோதும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நாட்டைவிட்டுப் போகப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அம்மா ஏற்கெனவே இறந்துபோயிருந்தார். அப்பா மாதக்கணக்கில் மாட்டேன் என்றார். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் எதுவும் பேசாமல் கையெழுத்துப் போட்டு, பேனாவை மகன் பக்கம் உருட்டிவிட்டார். அதற்குப் பிறகு மகனிடம் பேசவில்லை. ரயிலடிக்கும் வரவில்லை.

வியன்னா, ரோம், கடைசியில் நியூயார்க். அப்போது அமெரிக்காவில் கால்பந்துக்கு ஒரு பெரிய லீக் நடந்துகொண்டிருந்தது. உலகப் புகழ்பெற்றவர்களை வயதான காலத்தில் கொண்டுவந்து ஆடவைத்தார்கள். இவர் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கூட்டம் வடிய ஆரம்பித்திருந்தது. இரண்டு சீசன் ஆடினார். காலியான இருக்கைகளில் பந்து விழுந்தால் சத்தம் திரும்பி வரும் என்றார். பிறகு அணி கலைந்தது, லீக்கும் மூடப்பட்டது. மிஞ்சியது உள்ளரங்கக் கால்பந்து. ஐஸ் ஹாக்கி ஆடும் இடத்தில் பனிக்கட்டிமேல் பச்சைக் கம்பளம் விரித்து, சுற்றிலும் பலகைச் சுவர் வைத்து ஆடுவது. அந்தக் கம்பளத்தில் கால் சிக்கித்தான் முட்டி போனது.

மனைவி கம்ப்யூட்டர் படித்தாள். கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போனாள், இவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவரும் ஞாயிற்றுக்கிழமைதான் மகளுக்குப் போன் செய்வார். இவர் தன் பாஷையில் கேட்பார், அவள் இங்கிலீஷில் “யா, டாட். ஓகே, டாட்” என்பாள். அவள் வேகமாகப் பேசினால் இவருக்குப் புரியாது. மறுபடி சொல் என்று கேட்கக் கூச்சம்.

“உங்களுக்குக் கோபம் வரலையா?” என்று மனைவியைப் பற்றி ஒரு தடவை கேட்டேன்.

“அவளும் தனியாத்தான் இருந்தா, டாக்டர். நான் எப்பவும் வேற ஊர்ல ஆடிட்டிருந்தேன்.”

அன்று மாலை வீட்டுக்குப் போய் வெகுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

வசந்தத்தில் உக்ரேனில் செர்னோபில் அணு உலை வெடித்தது. முதலில் பத்திரிகைகளில் ஆளுக்கொரு விதமாக வந்தது. எத்தனை பேர் இறந்தார்கள், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, ஒன்றும் உறுதியாகத் தெரியவில்லை. அவர் அறைக்குள் வந்தபோது சவரம் செய்திருக்கவில்லை. சைக்கிளில் ஏறினார், மிதிக்கவில்லை.

அந்த நாட்டுக்கு நேரடியாகப் போன் போட முடியாது. ஆபரேட்டரிடம் பதிவு செய்தால், லைன் கிடைக்கும்போது அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள். அது எப்போது வரும் என்று தெரியாது. பகல் முழுக்க அவர் இருப்பது எங்கள் சிகிச்சை அறையில்தான் என்பதால் எங்கள் எண்ணைக் கொடுத்திருந்தார். என் மேலதிகாரி ஒரு வயதான ஐரிஷ் அம்மாள்; கேட்டதும் மேஜைமேல் இருந்த போனை எடுத்து, வயரை இழுத்து, அவர் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் வெந்நீர்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு இருந்தபோது மணி அடித்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். ஒடெசாவில் அது மாலை நேரம்.

அவர் ஒரு வார்த்தை சொன்னார். ‘பாப்பா’ என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு வேகமாகப் பேசினார், நிறுத்தினார், மறுபடி பேசினார். மெதுவாகப் பேச்சு குறைந்துவிட்டது. ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு சும்மா இருந்தார். தொட்டியின் மோட்டார் சத்தம் அவருக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று நான் அதை அணைத்தேன். இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் லைன் அறுந்தது போலிருக்கிறது, என்னிடம் ரிசீவரை நீட்டினார்.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. ‘யாரு’ன்னு கேட்டார். நான்னு சொன்னேன். ஜன்னலைச் சாத்தி வை, பால் குடிக்காதே, கீரை சாப்பிடாதேன்னு சொன்னேன். பதிலே இல்ல. பின்னால ரேடியோல மேட்ச் கமென்ட்ரி ஓடிட்டிருந்தது. அதைத்தான் கேட்டேன்.”

நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

“ஆனா போனை வைக்கல, டாக்டர்,” என்றார். “வேணும்னா வெச்சிருக்கலாம். வைக்கல.”

காலைத் துடைத்துக்கொண்டு போய் சைக்கிளில் ஏறி மிதிக்க ஆரம்பித்தார். அன்று நான் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவில்லை.

கோடையில் அவர் ஓட ஆரம்பித்தார். நூவர்க் பக்கத்தில் ஒரு பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் குடியேறிகள் லீக் நடக்கும். போர்த்துகீசியர்கள், போலந்துக்காரர்கள், உக்ரேனியர்கள், ஆளுக்கு ஓர் அணி. “முட்டி எப்படி இருக்குன்னு நீயே வந்து பாரு” என்றார். போனேன். எனக்கும் ஞாயிறு மதியம் போக வேறு இடம் இருக்கவில்லை. கோயில் பூசை முடிந்து வந்தால் திங்கள் காலைவரை சுவர்தான்.

புல் சரியாக வெட்டாத மைதானம். ஆனால் ஓரக் கோடு இருந்தது, வெள்ளை வெளேரென்று புதுச் சுண்ணாம்பில். இரண்டாம் பாதியில் அவரை இறக்கினார்கள். முதலில் பயந்து பயந்து ஆடினார். பிறகு ஒரு பந்து அவர் காலுக்கு வந்தது. உடம்பை உள்ளே போவதுபோலச் சாய்த்து, எதிராளி நகர்ந்ததும் வெளியே எடுத்துக்கொண்டு கோட்டை ஒட்டிப் பறந்தார். என் அண்ணன்மார் வாயில் ‘விங்’ என்ற சொல்லை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அதற்குச் சிறகு என்றும் பொருள் என்பது அன்றுதான் உறைத்தது. நான் என்னை மறந்து தமிழில் கத்தினேன்: “போ! போ! விடாத, போ!”

திரும்பிப் பார்த்தால், நான் இருந்த பக்கமாகவே எடிசன் ஊரில் இருக்கும் ஒரு தமிழ் ஆன்ட்டியும் அங்கிளும் நடந்து போகிறார்கள். பிக்னிக்குக்கு வந்தவர்கள். ஒரு பொங்கல் விழாவில் அவர்களோடு பழக்கம். ஆன்ட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆட்டம் முடிந்து வேர்வையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிய வெள்ளைக்காரரையும் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு கணவரின் குரல் வேறு மாதிரி இருந்தது.

“எடிசன் ஆன்ட்டி கால் பண்ணாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்ல. உன் வைஃப் நல்லா அட்ஜஸ்ட் ஆயிட்டா போல, பார்க்லலாம் பாத்தோம்னாங்க.” பிறகு கேட்டார்: “யாரு அவன்?”

“பேஷண்ட். முட்டி ஆபரேஷன் பண்ணவர். ஃபுட்பால் ப்ளேயர்.”

“பேஷண்ட்டை பார்க்ல போய்தான் பாக்கணுமா?”

“இங்க எனக்குப் பேசறதுக்கு ஒரு ஆள் இல்ல. உங்களுக்குத் தெரியுமா அது?”

நான் குரலை உயர்த்தியது அவருக்குப் புதிது, எனக்கும் புதிது. அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“எனக்கும்தான் இல்ல,” என்றார் கடைசியில். “ஆபீஸ் விட்டு வந்தா டி.வி.யோட பேசிட்டிருக்கேன். சரி, சொல்லு. அந்த ஆள் என்ன ஆடறான்? ஃபார்வர்டா?”

என் கணவர் மெட்ராஸ்காரர், கிரிக்கெட் பைத்தியம். கால்பந்தில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். அன்று நான் விங்கர் என்றால் என்ன என்று விளக்கினேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அதிக நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

இலையுதிர்காலத்தில் கிரீன் கார்டு வந்தது. கடைசி நாளில் அவரிடம் மறைக்காமல் சொன்னேன்: “நேரா ஓடலாம். புல்லுல ஆடலாம். கம்பளத்துல சட்டுனு திரும்பினா இந்த முட்டி தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“திரும்பாம விங்கர் என்ன பண்ணுவான், டாக்டர்?” என்றார். கை குலுக்கினோம். ஹூஸ்டன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கணவரோடு சேர்ந்துவிட்டால் தனிமை போய்விடும் என்று நம்பியிருந்தேன். அவர் நல்ல மனுஷர். ஆனால் எண்ணெய் விலை சரிந்து ஊரே ஆட்டம் கண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ‘விற்பனைக்கு’ பலகை. பழக ஆரம்பித்த குடும்பம் அடுத்த மாதம் இருக்காது. ஹில்கிராஃப்ட் தெருவில் இருந்த ஒன்றிரண்டு இந்தியக் கடைகளுக்குச் சனிக்கிழமை போய் முருங்கைக்காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வருவேன். டிரைவிங் லைசென்ஸ் வாங்கும்வரை அந்த வீடும் எனக்கு ஜன்னல் இல்லாத அறைதான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் போன் வந்தது. டாலஸ் பக்கம் ஓர் உள்ளரங்க அணியில் அவரை எடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஆட்டம், வாசலில் டிக்கெட் வைத்திருப்பேன், கணவரோடு வா என்றார். “ஃப்ரீவேல நாலு மணி நேரம் டிரைவ் பண்ணி இதுக்குப் போகணுமா?” என்று முனகினாலும், கணவர் காலையிலேயே டாங்க்கை நிரப்பி வைத்துவிட்டார்.

உள்ளே இருட்டு. புகை, வண்ண விளக்கு, காதைக் கிழிக்கும் பாட்டு. ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் புகைக்குள்ளிருந்து ஓடிவரச் செய்து அறிவித்தார்கள். அவர் முறை வந்தது. “மாஸ்கோவிலிருந்து வந்த சிவப்பு ராக்கெட்!” என்று ஒலிபெருக்கி அலறியது. அவர் தலையில் காது மூடும் ரோமத் தொப்பி. கூட்டம் ஊளையிட்டுச் சிரித்தது.

“என்னடி இது, சர்க்கஸ் மாதிரி தொப்பி போட்டு விட்டிருக்காங்க?” என்றார் கணவர்.

தொப்பியோடு அவர் கையை ஆட்டியபடி நடுவில் போய் நின்றார், பாட்டு முடியும்வரை.

ஆட்டம் தொடங்கியது. பந்து பலகைச் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பியது. வெளியே போவதே இல்லை. “கேரம் போர்டு மாதிரில்ல இருக்கு!” என்றார் கணவர். உண்மைதான். அவரை இறக்கினார்கள், இரண்டு நிமிடத்தில் மாற்றினார்கள், மறுபடி இறக்கினார்கள். ஓரமாக ஓடத் தொடங்கினால் நாலு எட்டில் சுவர் வந்துவிடும். ஒரே ஒரு தடவை, மூலையில் இரண்டு பேர் அவரை நெருக்கியபோது, பந்தைச் சுவரில் தட்டிவிட்டு அவர்களைச் சுற்றிப் போய்த் தானே எடுத்து, பார்க்காமலே உள்ளே அனுப்பினார். இன்னொருவன் கோல் போட்டான். கணவர் எழுந்து நின்று “அடி! அப்படி அடி!” என்று கத்தினார். கோல் போட்டவன் பெயரை ஒலிபெருக்கி மூன்று தடவை சொன்னது.

ஆட்டம் முடிந்து நடைவழியில் சந்தித்தோம். முட்டியில் ஐஸ் பை கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் பையை எடுத்துக் காட்டினார். வீங்கியிருந்தது. நான் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, ஐஸ் பையைத் திரும்பக் கட்டிவிட்டேன்.

கணவர் கை நீட்டினார். “அந்த கோல் உங்களுடையதுதான்.”

“நீங்க பாத்தீங்களா?” என்றார் அவர். முகம் மலர்ந்தது. பிறகு தொப்பியைப் புரட்டிக் காட்டினார். “முயல் தோல். ஒடெசால யாரும் இதைப் போட மாட்டாங்க. அங்க கடற்கரை, டாக்டர். ஐஸ்கிரீம் விக்கற ஊர்.” தலையால் அரங்கத்தைக் காட்டினார். “இங்க கோடு இல்ல. கோடு இருந்தாத்தான் எனக்கு எங்க நிக்கணும்னு தெரியும்.”

சீசன் முடிவதற்குள் அவரை விட்டுவிட்டார்கள். போனில் சொன்னபோது குரலில் வருத்தம் தெரியவில்லை. மகள் இருக்கும் பக்கமாக, கலிஃபோர்னியாவுக்குப் போகிறேன் என்று ஒரு புது எண்ணைக் கொடுத்தார். ஆட்டக்காரராக அவர் வாழ்க்கை அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து நாங்களும் அங்கே போகும்படி ஆனது. கணவரின் கம்பெனி அவரை வேலையைவிட்டு நீக்காமல் சான் ரமோனில் புதிதாகக் கட்டிய அலுவலக வளாகத்துக்கு மாற்றியது. அதற்குள் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. சுற்றிலும் காய்ந்த புல் மஞ்சளாகக் கிடக்கும் குன்றுகள், கண்ணுக்கெட்டியவரை கார் நிறுத்துமிடங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கையசைப்பார்கள், கராஜ் கதவு மூடிவிடும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத் தூரத்தில் இருந்தார். வார நாட்களில் ஒரு ரொட்டிக் கடைக்கு வேன் ஓட்டுகிறார். சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பூங்காவில்தான் சின்னப் பெண்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறாராம்.

நாங்கள் மூன்று பேரும் போனோம். எட்டு, ஒன்பது வயதுப் பெண்கள். பந்து போகும் இடமெல்லாம் ஈ மொய்ப்பதுபோல எல்லாரும் சேர்ந்து ஓடினார்கள். “வைட்! வைட்! ஓரக் கோட்டுக்குப் போ!” என்று அவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பெண் மட்டும் கோட்டோரம் நின்றாள். அவள் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் தாய்மார்கள் ஆரஞ்சுத் துண்டுகள் கொடுத்தார்கள். அவருக்கு நரை விழுந்திருந்தது. நடக்கும்போது வலது காலை லேசாக வைத்து வைத்து எடுத்தார்.

மடக்கு நாற்காலியில் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு புத்தகம் படித்தபடி இருந்தாள். மகள். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அவரோடு இருப்பாள். கால்பந்து பிடிக்காது, நீச்சல்தான். அவர் தன் பாஷையில் ஏதோ கேட்டார். அவள் “ஐ’ம் ஃபைன், டாட்” என்றாள்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அடையாளக் கூம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னார்: “ஜனவரியில அப்பா போயிட்டார். எனக்கு மார்ச்சுலதான் தெரிஞ்சது. பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தார்.”

“அதுக்கப்புறம் பேசினீங்களா, அவரோட?”

“மறுபடி ரெண்டு தடவை லைன் கிடைச்சது. எடுப்பார். பேச மாட்டார். நான் பேசுவேன்.” கூம்புகளைக் காரில் வைத்தார். “போன வருஷமே ஊருக்குப் போயிருக்கலாம். விட்டுப் போனவங்களையும் இப்ப உள்ள விடறாங்களாம். நான் இந்தக் குழந்தைகளோட சீசன் முடியட்டும்னு இருந்துட்டேன்.”

நான் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அண்ணன்மாரின் நினைவு வந்தது. எங்கள் அப்பா இறந்தபோது, ஊருக்குப் போனால் திரும்பி வர எனக்கு விசா இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் சட்டென்று ஒரு பந்தை எடுத்துக்கொண்டு இடது மூலைக்குப் போனார். கணவரைப் பார்த்து, “சார், உள்ள போங்க! தலையால அடிங்க!” என்றார். என் கணவர் கண்ணாடியைக் கழற்றாமலே கோல் முன்னால் போய் நின்றார். முதல் பந்து வளைந்து வந்தது, அத்தனை அழகாக, நேராக அவர் நெற்றிக்கு. என் கணவர் பயந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது பந்துக்குக் குதித்தார், பந்து போன பிறகு. மூன்றாவது பந்து முகத்தில் பட்டு, கண்ணாடி ஒரு பக்கம் போக, அவர் ஒரு பக்கம் விழுந்தார்.

நாற்காலியில் இருந்த பெண் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல் சிரித்தாள். அவர் மூலையிலிருந்து அதைப் பார்த்தார். இன்னொரு பந்தை அனுப்பினார். இந்தத் தடவை வேண்டுமென்றே மோசமாக. என் கணவரும் அதைப் புரிந்துகொண்டு வேண்டுமென்றே விழுந்தார். பந்து தீரும்வரை இருவரும் அப்படியே செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் சில சனிக்கிழமைகள் பார்த்தோம். ஒரு தடவை வீட்டுக்கு வந்து மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு, காரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த இலையுதிர்காலத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். வேறொருவர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். இளைஞர், ஏதோ ஆபீஸில் வேலை பார்ப்பவர்போல இருந்தார்.

பழைய கோச் எங்கே என்று கேட்டேன்.

“அந்த ரஷ்யரா? அவரோட எக்ஸ் வைஃபுக்கு வடக்கே எங்கேயோ வேலை மாறிச்சாம். மகளை ஒட்டி அவரும் மூவ் பண்ணிட்டார்னு சொன்னாங்க. உங்களுக்கு ஃப்ரெண்டா?”

“ஆமா. அவர் உக்ரேன்காரர். பெரிய ப்ரொஃபெஷனல் ப்ளேயர், தெரியுமா? எட்டு வருஷம் மேல் டிவிஷன்ல ஆடினவர்.”

“அப்படியா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே,” என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு. பிறகு மைதானத்தில் ஒரு பெண் விழுந்து அழ, ‘ஸாரி’ என்று சொல்லிவிட்டு அங்கே ஓடினார்.

நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு, கார் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தேன்.